அடித்தண்ணீர்

பண்ணவாடித் துறையில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. கொளத்தூர்ப் பக்கமிருந்து வரும் பஸ் கடைசித் திருப்பத்தில் இறங்கும்போதே சன்னலோரத்துக்காரர்கள் கைக்குட்டையைத் தேடுகிறார்கள். ஐப்பசி கடைசி வாரம். மேட்டூர் அணைக்கு வரத்து குறைந்து, காற்றும் படுத்துவிட்டது. ஏரி நிறைந்து அசையாமல் கிடக்கிறது. கரையிலிருந்து கல்லெறி தூரத்துக்குத் தண்ணீரின் மேல் பச்சை ஏடு. அரைத்த மருதாணியைக் கரைத்து ஊற்றியது போன்ற பச்சை. கரையோரம் ஒதுங்கிக் காய்ந்த இடங்களில் நீலம் பாரித்திருக்கிறது.

நாகமரைக்குப் போகும் விசைப்படகு கிளம்பத் தயாராக நிற்கிறது. இக்கரை சேலம் மாவட்டம், அக்கரை தருமபுரி மாவட்டம். பலகை போட்டு மூன்று மோட்டார் சைக்கிள்களை ஏற்றிவிட்டார்கள். ஒரு டீச்சர் முந்தானையால் மூக்கை மூடியபடி செல்போனில் பேசுகிறார். காலைக் கட்டிய இரண்டு கோழிகளோடு ஒரு ஆயா விளிம்போரம் உட்காருகிறாள். உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் கை தண்ணீருக்குப் போகிறது.

"கைய வெக்காத ஆயா. அரிப்பு வந்துரும்."

"என் கல்யாணத்துக்கு இந்தத் தண்ணியிலதாண்டா சோறாக்குனாங்க."

"அது அந்தத் தண்ணி."

ஆயா படகோட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். படகு கிளம்புகிறது. பின்னால் ஏடு கிழிந்து, கருத்த தண்ணீர் தெரிந்து, மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

மேட்டில் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி வெள்ளாடுகளைத் தண்ணீர் குடிக்கவிடாமல் மறித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளுக்குப் பாடம் எடுத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவள் செய்வது சரி. இந்தப் பச்சையைப் பாசி என்கிறோம். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறவர்கள் நீலப்பச்சைப் பாக்டீரியா என்பார்கள். இதில் சில இனங்கள், முக்கியமாக மைக்ரோசிஸ்டிஸ், ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. எல்லாப் பச்சையும் நஞ்சில்லை. எது நஞ்சு என்று ஆட்டுக்கும் தெரியாது, மனிதனுக்கும் கண்ணால் பார்த்துத் தெரியாது.

எட்டு மணிவாக்கில் ஒரு மினி லாரி இறங்குகிறது. பின்னால் நான்கு நீல பிளாஸ்டிக் டிரம்கள். மூடியைத் திறந்ததும் புளித்த வெல்லத்தின் வாடை எழுந்து, சற்று நேரம் ஏரியின் வாடையை அமுக்குகிறது. நுண்ணுயிர்க் கரைசல். பச்சை படரும் பருவங்களில் இதைத் தெளிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பருத்திக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் பரிசலில் ஏறுகிறார்கள். கரையில் நிற்கும் மேற்பார்வையாளர் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்.

"கொஞ்சம் இந்தப் பக்கமா அடிங்கப்பா. படத்துல விழல."

அவர்கள் இந்தப் பக்கமாக அடிக்கிறார்கள். படத்தில் விழுகிறது. நிரம்பிய மேட்டூர் ஏரியின் பரப்பு 59.25 சதுர மைல். டிரம் நான்கு.

தெளிக்கிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயிலேறுவதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஒருவர் முகத்தில் கட்டியிருந்த துண்டு நழுவி, அதைச் சரிசெய்யவும் கை ஒழியாமல், பல்லால் கவ்விக்கொண்டே அடிக்கிறார்.

துறையின் மறு ஓரத்தில் மீன் வியாபாரம். மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டி வந்திருக்கும் வியாபாரி, பரிசலில் கிடக்கும் கட்லாவையும் ஜிலேபியையும் காலால் புரட்டாத குறையாகப் பார்க்கிறான். பரிசல்காரருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். வலையில் வழவழவென்று ஒட்டிய பச்சையை விரலால் வழித்து வழித்து உதறிக்கொண்டிருக்கிறார். இந்த வழுவழுப்பால் வலை கனத்துத் தண்ணீருக்குள் சுவர் மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடுமாம். மீன் விலகிப் போய்விடுமாம்.

"மண் வாடை அடிக்குதுன்னு சேலத்துல திருப்பி அனுப்பறாங்கண்ணா. போன வாரம் ரெண்டு பெட்டி நட்டம்."

"டேம் மீனுன்னா வரிசையில நின்னு வாங்குனவங்கதான?"

"வாங்குனாங்க. இப்பக் குழம்பு வெச்சுட்டுப் போன் பண்ணித் திட்டறாங்க."

விலை கிலோவுக்கு இருபது ரூபாய் இறங்குகிறது. பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் தராசைத் தூக்குகிறார். மண் வாடை வியாபாரி கட்டிய கதை இல்லை. இந்த வகைப் பாசிகள் விடும் ஒரு வேதிப்பொருள் மீனின் கொழுப்பில் போய்த் தங்கும். ஆற்றோட்டத்தில் பிடித்த மீனுக்கும் தேங்கிய பச்சையில் பிடித்த மீனுக்கும் நாக்கு வித்தியாசம் காட்டிவிடும்.

வியாபாரி போன பிறகு, காத்திருந்த ஒரு பெண் பெரியவரிடம் வருகிறாள். ஏதோ ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கூட வந்த தம்பியின் கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி, ஒரு கயிற்றுச் சுருள், இருபுறமும் மூடியுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்று. முன்பே பேசி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. பெரியவர் வலையை ஒதுக்கி இடம் செய்கிறார். எனக்கும் ஓரமாய் ஓரிடம் கிடைக்கிறது. யாரென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"எங்க கண்ணு போகணும்?"

"எங்க ஆழமோ அங்க, தாத்தா."

அவருக்கு அது எங்கே என்று தெரியும். பச்சையைத் தாண்டி வெகுதூரம் துடுப்புப் போட்டபின், எதிர்க்கரை மலையின் ஒரு பிளவையும் இக்கரையில் ஒரு செல்போன் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பரிசலை நிறுத்துகிறார். பழைய ஆற்றுத் தடம் இதற்கு நேர் கீழே போகிறதாம். அவருடைய பாட்டன் ஊரும் உள்ளேதான் கிடக்கிறது. 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடித்த அணை. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் வைத்த நீர்த்தேக்கம். நிறைமட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் நந்தி சிலை தலை காட்டும். ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் பார்க்க ஊரே கூடும். அப்போது தெரியும் தரையில் பெரியவர் நடந்திருக்கிறார். அதனால் இந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

மாணவி முதலில் கறுப்பும் வெள்ளையும் பூசிய ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் இறக்குகிறாள். முழங்கை ஆழம் போகுமுன்பே மறைந்துவிடுகிறது. நோட்டில் எழுதுகிறாள். பிறகு குழாய். மேலிருந்து ஒரு முறை தண்ணீர் எடுக்கிறாள். அடுத்து கயிற்றில் கட்டிய முடிச்சுகளை எண்ணிக்கொண்டே இறக்குகிறாள், இறக்குகிறாள், தம்பி கயிற்றை விட்டுக்கொண்டே இருக்கிறான். அடி தொடுமுன் நிறுத்தி, கயிற்றின் வழியாக ஒரு சின்ன பித்தளைக் குண்டை நழுவவிடுகிறாள். உள்ளே எங்கோ போய் அது குழாயின் மூடிகளைச் சாத்துகிறது.

இரண்டு தண்ணீரையும் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில், ஒரு காற்றுக் குமிழிகூட நிற்காதபடி, வழியவிட்டு நிரப்புகிறாள். அடித்தண்ணீர்ப் புட்டியைத் திறந்தபோது பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "இதான் கண்ணு. ஆழத்துல போட்ட வலையில மீனு உசுரோட வராது, இந்த மாசத்துல." இரண்டிலும் ஒரே மருந்து: மாங்கனீசு சல்ஃபேட் சில சொட்டு, காரம் கலந்த அயோடைடு சில சொட்டு. மூடி, தலைகீழாகப் புரட்டிப் புரட்டிக் குலுக்கிப் பலகைமேல் வைக்கிறாள். எல்லோரும் பார்க்கிறோம். மேல்தண்ணீர்ப் புட்டிக்குள் மேகம் கருப்பட்டி நிறத்தில் திரண்டு இறங்குகிறது. அடித்தண்ணீர்ப் புட்டிக்குள் அதே மேகம் வெளிறிய வைக்கோல் நிறத்தோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு பழுப்பு ஏறுகிறதோ அவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். துளியும் இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும்.

"மேல நல்லாத்தான இருக்கு?" என்கிறார் பெரியவர்.

"பகல்ல இந்தப் பச்சைதான் காத்து விடுது தாத்தா. ராத்திரி அதுவே இழுத்துக்கும். விடியக்காலம் மீனு மேல வந்து வாயத் தொறக்குமே, பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறார். தலையை ஆட்டுகிறார்.

தேக்கம் இரண்டு அடுக்காகப் பிரிவது இப்படித்தான். வெயில் மேல்தண்ணீரைச் சூடாக்குகிறது; சூடான தண்ணீர் இலேசானது, மேலேயே நிற்கும். கீழே குளிர்ந்த, கனத்த தண்ணீர். காற்று பலமாக அடித்துக் கலக்காதவரை மேலுக்கும் கீழுக்கும் போக்குவரத்து இல்லை. கீழே விழுந்து மட்கும் பாசியும் இலையும் தழையும் இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். தீர்ந்த பிறகு வண்டல் வேறு குணம் காட்டும்: அதுவரை இரும்போடு பிணைந்து சேற்றில் கிடந்த பாஸ்பரஸ் கரைந்து மேலே வரும், மாங்கனீசு கரையும், அழுகல் வாயு கிளம்பும். அந்த பாஸ்பரஸ்தான் அடுத்த பச்சைக்குத் தீனி. மேலே தெளிக்கிற மருந்து இந்த அடுப்படிக்கு வந்து சேர்வதே இல்லை.

மின்சாரம் எடுக்கும் அணைகளில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. முந்தின நாள் மாலை அணைக்குக் கீழே முனியப்பன் கோயில் பக்கம் நின்றிருந்தேன். கிடா வெட்டிப் பொங்கல் வைத்த குடும்பங்கள் ஆற்றில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தன. ஒரு அப்பா மகனைத் தோளில் ஏற்றி முக்கி எடுத்தார். பையன், "அப்பா, தண்ணி ஐஸு!" என்று கத்தினான். அவன் உடம்பு சொன்னதில் ஒரு சங்கதி இருக்கிறது. வெள்ளக் காலத்தில் 16 கண் மதகு வழியாகக் குதித்து விழும் தண்ணீர் நுரைத்துக் காற்றைக் குடித்துக்கொள்ளும். மின் நிலையத்துக்குப் போகும் தண்ணீர் ஏரியின் உள்ளிருந்து குழாயில் இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறுகிறது. அதற்குக் காற்று வாங்க நேரமில்லை. 1937 முதல் இங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். இன்று அணை மின் நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட். அதற்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று தலா 30 மெகாவாட் கதவணைகள் வரிசையாக ஆற்றை நிறுத்தி நிறுத்தி விடுகின்றன. ஏரியின் எந்த ஆழத்திலிருந்து தண்ணீரை எடுக்கிறோம் என்பதுதான் கீழே குளிப்பவனுக்கும் குடிப்பவனுக்கும் எந்தத் தண்ணீர் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பரிசல் திரும்புகிறது. மாணவி புட்டிகளைப் பெட்டிக்குள் அடுக்கியபடி பேசுகிறாள். பெரியவர் கேட்கிற மாதிரியும் கேட்காத மாதிரியும் துடுப்புப் போடுகிறார்.

"அமெரிக்காவுல ஒரு அணையில சக்கரத்துக்குள்ளயே காத்து விட்டிருக்காங்க தாத்தா."

"சக்கரத்துக்குள்ளயா? கரண்டு வருமா அப்புறம்?"

"கொஞ்சம் குறையும். ஆத்து மீனு பொழைக்கும்."

அவள் சொல்வது டென்னசி பள்ளத்தாக்கில் கிளின்ச் ஆற்றின்மேல் உள்ள நாரிஸ் அணை. 1936இல் கட்டி முடித்தது. மேட்டூரைவிட இரண்டு வயது இளையது. கோடையில் அந்த அணையின் அடித்தண்ணீர் ஆக்சிஜன் இல்லாமல் வெளியேறி, கீழே ஆற்றின் உயிர்களை வாட்டியது. சக்கரம் சுற்றும்போது அதன் அடியில் அழுத்தம் குறையும். அந்த இடத்தில் வழி வைத்தால் வெளிக்காற்று தானாகவே உள்ளே இழுபடும். 1990களின் நடுவில் அங்கே புதிய சக்கரங்களை அப்படியே வார்த்து மாட்டினார்கள். அந்தப் பத்தாண்டில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் இப்படி 16 அணைகளில் வேலை செய்தது. எல்லா இடத்திலும் ஒரே வைத்தியம் இல்லை. டக்ளஸ் அணையில் பெரிய விசிறிகளை மிதக்கவிட்டு மேல்தண்ணீரைக் கீழே தள்ளினார்கள். ஏரியின் அடியில் குழாய் பரப்பி ஆக்சிஜனையும் செலுத்தினார்கள். சவுத் ஹோல்ஸ்டன் அணைக்குக் கீழே, தண்ணீர் அகலமாக வழிந்து விழுந்து காற்றோடு கலக்கும்படி, மடிப்பு மடிப்பாக ஒரு சின்னத் தடுப்பணை கட்டினார்கள். குறி என்னவென்று முன்கூட்டியே எண் போட்டு எழுதிவைத்தார்கள்: குளிர்நீர் மீன் வாழும் ஆற்றில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்சிஜன், மற்ற இடங்களில் 4.

எண் எழுதிவைத்ததுதான் இதில் பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது. மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்பது டெல்டாவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியும். தினமும் பேப்பரில் வருகிறது, டிவியில் ஓடுகிறது. டெல்டாவுக்கு அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் அந்த எண்ணுக்காக மாநிலமே காத்திருக்கும். அந்தத் தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்ற எண்ணை அதே பேப்பரில் யாரும் தேடுவதில்லை. 93 டிஎம்சி என்று அளந்து சொல்லும் ஊருக்கு, அடியில் கிடப்பது கருப்பட்டி நிறமா வைக்கோல் நிறமா என்று கேட்கத் தோன்றியதில்லை.

ஆனால் சக்கரத்தில் காற்று விட்டால் அணைக்குக் கீழே ஆறு பிழைக்கும், அவ்வளவுதான். ஏரி பிழைக்காது. ஏரிக்குத் தீனி வருவது நின்றால்தான் பச்சை அடங்கும். பெங்களூரின் கழிவு விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் சேர்ந்து, சங்கமாவில் காவிரியில் கலந்து ஒகேனக்கல் வழியாக இறங்குகிறது. அது ஒரு வழி. இன்னொரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. துறையை நெருங்கும்போது மாணவி அதைக் கேட்டேவிடுகிறாள்.

"தண்ணி இறங்கறப்ப இங்க வெள்ளாமை வெப்பாங்களா தாத்தா?"

"வெப்பாங்க. எள்ளு, சோளம், கடலை. வண்டல் மண்ணு கண்ணு, வெதைச்சா வெளையும்."

"உரம்?"

துடுப்பு ஒரு கணம் நின்று, மறுபடி விழுகிறது. "போடுவோம். நானே போட்டிருக்கேன்."

"அறுத்த தட்டை?"

"சில வருசம் அறுக்கவே விடாது. ராத்திரியோட ராத்திரி தண்ணி ஏறிரும். அப்படியே முழுகிரும்."

யாரும் யாரையும் திட்டவில்லை. தண்ணீர் வடிந்த நிலத்தில் நாலு மாதம் வெள்ளாமை வைத்துக் கடனை அடைக்கிறவரிடம் பாஸ்பரஸ் பற்றிப் பிரசங்கம் செய்ய அந்தப் பெண்ணுக்கு மனமில்லை. இருக்கிற வண்டலிலேயே நிறைய சத்து உண்டு, மண்ணைச் சோதித்துப் பார்த்தால் உரம் பாதி போதும் என்று தெரியலாம், உரக்காசு மிச்சம் என்கிறாள். காசு என்றதும் பெரியவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

"எங்களுக்குச் சொல்லீட்ட. பெங்களூர்க்காரனுக்கு யாரு சொல்றது?"

"அதுக்கும் இந்தப் பாட்டில்தான் வேணும் தாத்தா. இன்ன ஆழத்துல, இன்ன தேதியில இவ்வளவுன்னு கணக்குக் காட்டாம யாரும் காதுல வாங்க மாட்டாங்க. ஒரு நாள் எடுத்தா பத்தாது. வருசம் பூரா எடுக்கணும்."

"பூராவும் வருவியா நீ?"

"எனக்கு ஸ்காலர்ஷிப் மார்ச்சோட முடியுது."

பரிசல் கரையைத் தட்டுகிறது. மினி லாரியில் காலி டிரம்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாணவி பர்சைத் திறந்து வாடகையை எண்ணுகிறாள். பெரியவர் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தெர்மாகோல் பெட்டியைத் தாமே தூக்கி மேட்டில் வைக்கிறார்.

"அந்தக் குழாயை விட்டுட்டுப் போ. எத்தனை முடிச்சு இறக்கணும்னு இந்தப் பயலுக்குக் காட்டிக் குடு" என்கிறார், கரையில் போனோடு நின்ற பேரனின் பிடரியில் கை வைத்து. "மருந்து ஊத்தற வித்தையையும் சொல்லிக் குடு. நான்தான் தெனமும் அங்க போறேனே."

மாணவி பெட்டியை மறுபடி திறக்கிறாள். பேரன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றைக் கையில் வாங்கி முடிச்சுகளை எண்ணத் தொடங்குகிறான்.